நான்காம் பாத்தி

ராயக்கோட்டையில் பஸ் இறங்கினேன்.
கையில் தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஐஸ்,
ஐஸுக்குள் விரல்நீளக் குப்பிகள் பதினாறு.
"டேம் மீனாம்மா?" என்றார் டீக்கடைக்காரர்.
"கெளுத்தி" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.
விளக்க நின்றால் இருட்டிவிடும்.
வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவேண்டிய மருந்து இது,
வெளிச்சம் பட்டால் எழுத்து கலைந்துவிடும்.

எழுத்துதான். மருந்து என்பது வாய்ப்பழக்கம்.

கோடேப்பனஅள்ளித் தக்காளித் தோட்டத்தில்
தீர்த்தகிரியிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன்:
ஊசிப்புழு தன் உடம்பை நடத்த
உள்ளுக்குள் சீட்டெழுதிக்கொண்டே இருக்கிறது.
அதில் ஒரு சீட்டை, அதன் கையெழுத்திலேயே,
இரட்டை இழையாக எழுதி இலையில் விடுகிறோம்.
தின்கிறது.
உள்ளே இருக்கும் காவல்காரன் இரட்டையைக் கண்டதும்
இது வெளியாள் வேலை என்று கிழிக்கிறான்.
கிழித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு
ஒத்துப்போகும் அசல் சீட்டுகளையும்
தேடித் தேடிக் கிழிக்கிறான்.
பிறகு தோலுரிக்கச் சொல்ல ஆளில்லை.
பழைய சட்டைக்குள்ளேயே இறுகிச் சாகும்.

"தேனீக்கு?"
"அதோட எழுத்து வேறண்ணா. தின்னாலும் பொருள்படாது."
"எங்களுக்கு?"
"அப்படித்தான்."
"எனக்கு வர்ற கடுதாசியெல்லாம்
நகைக்கடன் நோட்டீஸ்தான்" என்றாள் சாலம்மா,
களைக்கொத்தை நிறுத்தாமல்.

முதல் பாத்திக்கு வெறும் எழுத்து.
இரண்டாவதற்குக் களிமண் உறையிட்ட எழுத்து
(உறையில்லாத கடிதத்தைப் புழுவின் குடல்
வாசிக்கும் முன்பே கரைத்துவிடுகிறது).
மூன்றாவதற்குக் கடையில் விற்கும் நீல டப்பா.
நான்காவதற்குத் தண்ணீர்.

எது தண்ணீர் என்று சொல்லக்கூடாது.
ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான் சொல்லவில்லை.
மூன்றாம் வாரம் இலை சொல்லிவிட்டது:
விளக்கில் காட்டிய காகிதம்போல் பழுப்பு,
காம்படியில் ஊசி குத்திய காய்கள்.
திங்களும் வியாழனும் குனிந்து எண்ணினேன்.
முப்பத்தொன்று. நாற்பத்து நான்கு. ஐம்பத்தேழு.
பக்கத்தில் உறையிட்ட பாத்தி: ஆறு. ஐந்து. இரண்டு.
இவ்வளவு அழகான வித்தியாசம் அபூர்வம்.
ஐம்பத்தேழை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.
தலை நிமிர்ந்தேன்.
வாய்க்காலில் கால் வைத்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழன் நான்காம் பாத்தியில்
ஒன்றுகூட இல்லை.
நீல டப்பாவின் நெடி மட்டும் மூக்கில் ஏறியது.
அவர் ஒளிக்கவில்லை.
"ராத்திரி அடிச்சிட்டேம்மா."
"இழப்புக்குப் பணம் தர்றோம்ணா. பழத்துக்குப் பழம் கணக்குப் பண்ணி."
"பழத்துக்குத் தருவீங்க.
தெனம் விடிஞ்சா அத்தப் பாத்துக்கிட்டு
சும்மா நிக்கிறதுக்கு?"

பதில் அட்டவணையில் இல்லை.
காரணம் எழுதும் கட்டம் கட்டைவிரல் அகலம்.
'நீக்கப்பட்டது' என்றதிலேயே நிரம்பிவிட்டது.
போனில் வேதநாயகி மேடம் கத்தவில்லை.
"ஒப்பிட ஒண்ணும் இல்லாம
ரெண்டாம் பாத்தி அமைதிய
யாரு நம்புவாங்க, தமயந்தி?" என்றார்.
அடுத்த பட்டம் ஆவணிக்குப் பிறகு.
அதற்குள் நிதி இருக்குமோ என்னவோ.
சாலம்மா ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தாள்.
அன்று மண்டியில் பெட்டி நூற்றுப் பத்து,
பறிப்புக்கூலிக்கே போதாது.

கிளம்பும்முன் இரண்டாம் பாத்தியில்
ஓர் இலையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
தோலுக்கும் தோலுக்கும் நடுவே சுரங்கம்,
அதற்குள் ஒரு புழு.
இரண்டு முறை தோலுரித்திருந்தது.
கொழுகொழுவென்று பச்சையாய் நகர்ந்தது.
எங்கள் கடிதத்தைத் தின்று,
படிக்காமலே வளர்ந்தது.
சாமர்த்தியமா, தெளிப்பு படாத மூலையா,
தெரியவில்லை.
இலையோடு குப்பியில் போட்டு மூடினேன்.

பஸ் ஸ்டாண்டில் அதே டீக்கடைக்காரர்.
"மீனெல்லாம் வித்துப்போச்சா?"
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
"ஒண்ணு மிச்சம்ணா," என்றேன்,
"உசுரோட இருக்கு."